பசை என்று ஒரு பெயர்

பதினோராம் வகுப்பு விலங்கியலில் நரம்பு மண்டலப் பாடத்தை நான் இருபத்தாறு ஆண்டுகள் நடத்தினேன். நியூரானுக்குப் படம் உண்டு. பாகங்களைக் குறிக்க வேண்டும், ஐந்து மதிப்பெண். கிளியா செல்களுக்கு ஓரிரு வரிதான்: நியூரானைத் தாங்கும், ஊட்டும், காக்கும். "இதுல கேள்வி வராது, ஒருதடவை வாசிச்சிட்டுப் போங்க பிள்ளைகளா" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவேன். வகுப்பில் பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள். தாங்குவது, ஊட்டுவது, காப்பது என்று ஒரு பட்டியல் வந்தால் அதில் கேள்வி வராது என்பது அவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதும் இல்லை.

கிளியா என்றால் கிரேக்க மொழியில் பசை. 1850களில் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்கோ, நரம்பு செல்களுக்கு நடுவே இடத்தை நிரப்பிக்கொண்டு கிடந்த பொருளுக்கு நரம்புப் பசை என்று பெயர் வைத்தார். அவர் மனதில் வஞ்சகம் ஏதும் இல்லை, அன்றைய நுண்ணோக்கியில் அது அப்படித்தான் தெரிந்தது. ஆனால் பசை என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யார் அதை உற்றுப் பார்ப்பார்கள்? நம் பக்கத்தில் பசையுள்ள ஆள் என்றால் காசுள்ள ஆள். மூளையின் பசைக்கு அந்த மரியாதையும் வாய்க்கவில்லை. மின்துடிப்பை அனுப்புவது நியூரான், ஆகவே சிந்திப்பது நியூரான், ஆகவே மூளை என்றால் நியூரான் என்று நூறாண்டுக்கு மேல் ஆராய்ச்சி ஓடியது.

எண்ணிப் பார்ப்பதற்குக்கூட ஒழுங்காக யாரும் மெனக்கெடவில்லை. ஒரு நியூரானுக்குப் பத்து கிளியா என்று பாடநூல்கள் சொல்லிக்கொண்டிருந்தன, நானும் சொன்னேன். பிரேசில் நாட்டு விஞ்ஞானி சுசானா எர்குலானோ-ஹூசெலும் அவருடன் பணியாற்றியவர்களும் 2009இல் மனித மூளையைக் கரைத்து உட்கருக்களை எண்ணினார்கள். நியூரான்கள் ஏறக்குறைய 8,600 கோடி, மற்ற செல்கள் ஏறக்குறைய 8,500 கோடி. கிட்டத்தட்ட ஆளுக்கு ஆள்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிளியா ஆராய்ச்சியை முன்வரிசைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பென் பாரஸ். பிறப்பில் பெண் என்று பதியப்பட்டவர், தன் நாற்பதுகளில் ஆணாக மாறியவர். மாணவியாக எம்.ஐ.டி.யில் படித்தபோது வகுப்பில் யாராலும் போட முடியாத கணக்கைப் போட்டுக் காட்டியவரிடம், உன் காதலன்தான் போட்டுக் கொடுத்திருப்பான் என்றாராம் பேராசிரியர். ஆணான பிறகு அவருடைய உரையைக் கேட்ட ஒருவர், இவருடைய வேலை இவர் தங்கையின் வேலையைவிட எவ்வளவோ மேல் என்று பாராட்டினாராம். தங்கை என்று அந்த ஆள் நினைத்தது இவருடைய பழைய பெயரைத்தான். 2006இல் 'நேச்சர்' இதழில் இதையெல்லாம் பாரஸ் எழுதினார். பெண்ணாக வாழ்ந்ததால்தான் அவர் கண்ணுக்குக் கிளியா பட்டது என்று சொல்ல எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி எளிதாகச் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஓய்வு பெற்ற பிறகு நாகர்கோவிலில் ஒரு பெண்கள் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். மேலே சொன்னதையெல்லாம் சொன்னேன். ஆஸ்ட்ரோசைட் என்ற நட்சத்திர வடிவக் கிளியா, இரத்தக் குழாயில் ஒரு காலும் நியூரான்மேல் ஒரு காலும் வைத்துக்கொண்டு ஊட்டுகிறது, மிஞ்சிய குளூட்டமேட்டை உறிஞ்சிக்கொள்கிறது, அதைச் செய்யாவிட்டால் நியூரான் தன் சொந்தச் சரக்கிலேயே நஞ்சேறிச் சாகும். ஆலிகோடென்ட்ரோசைட் நரம்பு இழைக்கு மையலின் உறை சுற்றுகிறது. மைக்ரோகிளியா ஓயாமல் கூட்டிப் பெருக்குகிறது. "நாமும் வீட்டின் பசைதான். நாம் கையை எடுத்தால் வீடு விழும்" என்று முடித்தேன். நல்ல கைதட்டல். அன்று சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.

என் மாமிக்கு ஓர்மை போனது எழுபத்தைந்து வயதுக்குமேல். எங்கள் ஊரில் ஞாபகம் என்ற சொல் குறைவு, ஓர்மைதான். முதலில் புளிமுளத்தில் இரண்டு தடவை உப்பு விழுந்தது. பிறகு சுசீந்திரம் தேரோட்டத்துக்குப் போனவள் வீட்டுக்கு வழி கேட்டாள், அறுபது வருசம் நடந்த வழியை. திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனோம், அல்சைமர் என்றார்கள். ஆறு ஆண்டுகள் இருந்தாள். ராத்திரி எழுந்து பழைய பத்தாயத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். "அனந்தரவனுக வருவானுக, நெல்லைப் பூரா அள்ளிட்டுப் போயிருவானுக, நீ போய் உறங்கு மக்களே, நான் காவலு" என்பாள். பத்தாயத்தில் நெல் இருந்து இருபது வருசம் ஆகியிருந்தது. அவள் சொன்னது அவளுடைய அம்மையின் பயம். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள்வழி இருந்த காலத்தில், சீக்காளிப் புருசனுக்குக் குளிப்பாட்டிச் சோறூட்டிய பெண்டாட்டி, அவன் கண்ணை மூடினால் அவனுடைய சகோதரி மக்களுக்கு வீட்டை விட்டுக்கொடுத்து இறங்க வேண்டும். தேரூர்க்காரரான கவிமணி 'மருமக்கள்வழி மான்மிய'த்தை ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி சொல்வதாக எழுதினார். 1926இல் திருவிதாங்கூர் அரசு சட்டம் போட்டது. சட்டத்துக்குப் பிறகு பிறந்தவள் மாமி. மற்ற எல்லா ஓர்மையும் போனபிறகு அவளிடம் மிஞ்சியது, அவள் வாழாத அந்தக் காலம்.

இன்று கணக்கு வேறு விதம். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம் மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோரைத்தான் பிள்ளைகள் என்கிறது. மருமகள் அதில் இல்லை. 2019இல் வந்த திருத்த மசோதா மருமகளையும் மருமகனையும் சேர்க்கப் பார்த்தது. சட்டத்தில் இல்லாத மருமகள்தான் பெரும்பாலான வீடுகளில் பீத்துணி அலசுகிறாள். அதே 2019இல் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவழிக்கிறார்கள், ஆண்கள் 97. பராமரிப்பில் பெண்கள் 134, ஆண்கள் 76. அறுபது வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருக்கிறது என்று 2023இல் ஒரு மதிப்பீடு வந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு, நகரத்தைவிடக் கிராமத்தில், படித்தவர்களைவிடப் படிப்பு மறுக்கப்பட்டவர்களுக்கு அதிகம். மாமி நாலாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள்.

என் கணவர் கெட்டவர் இல்லை. மருந்து வாங்கி வருவார், மாதம் ஒருதடவை வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். ராத்திரி மச்சில் கதவைச் சாத்திக்கொண்டு உறங்குவார், காலையில் வேலைக்குப் போக வேண்டுமே. எனக்கும் காலையில் பள்ளிக்கூடம் உண்டு என்பது எங்கள் இரண்டு பேருக்குமே வாதமாகத் தோன்றவில்லை. திருவனந்தபுரத்தில் இருந்து நாத்தனார் போன் பண்ணுவாள். "மயினி, நீங்க இல்லேன்னா எங்க அம்மை என்ன ஆவா? நீங்கதான் அந்த வீட்டுக்குத் தூணு." தூணுக்கு ஒரு வசதி, அது எழுந்து எங்கேயும் போகாது.

பகலில் ஒரு அக்கா வந்து பார்த்துக்கொண்டாள். அவளில்லாமல் நான் வேலையை விட்டிருப்பேன். ஓர்மை உள்ள காலத்தில் மாமி அவள் சாதிக்காரர்களை அடுக்களைக்குள் ஏற்றியதில்லை. நோயில் அவள் கையால் கஞ்சி குடித்தாள், சில நாள் அவளை அம்மை என்று கூப்பிட்டாள். ஓர்மையோடு சாதியும் போயிற்று என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். அப்படிப் போகவில்லை. வேறு சில நாள் கிண்ணத்தைத் தட்டிவிட்டு வாயில் வரக்கூடாத சொல்லைச் சொல்வாள். அக்கா தரையைத் துடைத்துவிட்டு வேறு கிண்ணத்தில் கஞ்சி எடுத்து வருவாள். அதற்கு நான் எத்தனை தடவை மன்னிப்புக் கேட்டேன் என்று யோசித்தால், ஒன்றிரண்டுக்கு மேல் நினைவில் வரவில்லை.

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டு மேசையில் இருந்த ஒரு ராத்திரி. இரண்டு மணி இருக்கும். அந்த வாரத்தில் அது நாலாவதோ ஐந்தாவதோ உறக்கமில்லாத இரவு. மாமி துணியோடு போய்விட்டு, அதைக் கையில் எடுத்துப் பத்தாயத்தில் பூசிக்கொண்டிருந்தாள். கழுவப் போனேன். நான் நெல் திருட வந்தவள் என்று என் முடியைப் பிடித்து இழுத்துத் துப்பினாள். நான் அவள் மணிக்கட்டை முறுக்கினேன். கன்னத்தில் ஒரு அடி அடித்தேன். தற்செயலாகப் பட்டதல்ல, ஓங்கி அடித்தது. அவள் அழவில்லை. சின்னப் பிள்ளைபோல என்னைப் பார்த்து, "எங்க அம்மைட்ட சொல்லிக் குடுப்பேன்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் பாடநூலில் தாண்டிப்போன அந்த ஓரிரு வரிகளை ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன். எனக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது என்று இப்போது தெரிகிறது. அது கிடைக்கவும் செய்தது.

இந்த நோய்க்குப் பெயர் தந்த அலாய்ஸ் அல்சைமர் 1901இல் ஃபிராங்ஃபர்ட்டில் சந்தித்த நோயாளி அகஸ்ட டேட்டர், வயது 51, வீட்டு வேலை செய்துகொண்டிருந்த பெண். 1906இல் அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்து அல்சைமர் எழுதிய சிறு அறிக்கை 1907இல் அச்சானது. படிவுகளையும் சிக்கலான இழைகளையும் பற்றி எழுதியதைத்தான் உலகம் நினைவில் வைத்துக்கொண்டது. அதே அறிக்கையில், கிளியா நிறைய நார்களை உண்டாக்கியிருக்கிறது, பல கிளியா செல்களில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்றும் இருக்கிறது. பார்த்துவிட்டு எழுதியும் வைத்தார். அதைத் திரும்ப வாசிக்க நூறாண்டு ஆயிற்று.

2003இல் அமெரிக்காவில் எலிகளை வைத்து ஓர் ஆய்வு. தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் இயக்க நரம்பு நோய்க்குக் காரணமான மரபணுக் கோளாறு, எலியின் சில செல்களில் மட்டும் இருக்கும்படி செய்தார்கள். கோளாறுள்ள நியூரானைச் சுற்றி நலமான செல்கள் இருந்தால் அது கூடுதல் காலம் தாக்குப்பிடித்தது. நலமான நியூரானைச் சுற்றிக் கோளாறுள்ள செல்கள் இருந்தால் நலமானதும் சீரழியத் தொடங்கியது. சாவு அந்த ஒரு செல்லின் சொந்த விவகாரம் இல்லை, அக்கம்பக்கத்தின் விவகாரம்.

அல்சைமரில் மைக்ரோகிளியாவின் கதை இன்னும் குழப்பமானது. அமிலாய்டு படிவைச் சுற்றி அவை வேலிபோல நின்று பரவாமல் தடுக்கின்றன. டிரெம்2 என்ற மரபணுவில் அரிதான ஒரு மாற்றம் இருந்தால் அவற்றால் அதைச் சரியாகச் செய்ய முடிவதில்லை, அப்படிப்பட்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2013இல் வெளியான ஆய்வுகள் காட்டின. ஆனால் 2016இல் வந்த எலி ஆய்வில், அதே மைக்ரோகிளியா நோயின் தொடக்கத்திலேயே நல்ல நரம்பு இணைப்புகளையும் சேர்த்து விழுங்குவதைக் கண்டார்கள். கூட்டிப் பெருக்கியவள் வேண்டியதையும் வாரி வெளியே போட்டாள். 2017இல் பாரஸின் ஆய்வகத்திலிருந்து வந்த கட்டுரை இன்னும் ஒரு படி மேலே போனது. கிளர்ந்த மைக்ரோகிளியா சில சேதிப் பொருள்களை வெளியிட, அவற்றைப் பெற்ற ஆஸ்ட்ரோசைட்டுகள் ஊட்டுவதையும் இணைப்புகளைப் பேணுவதையும் கைவிட்டு, நியூரானைக் கொல்லும் நஞ்சைச் சுரக்கின்றன. அல்சைமர், பார்க்கின்சன், ஹண்டிங்டன் நோயாளிகளின் மூளையில் இப்படிப்பட்ட ஆஸ்ட்ரோசைட்டுகளைக் கண்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் பாரஸ் இறந்தார்.

இதை முதலில் படித்தபோது எனக்கு வந்தது நிம்மதி. தாங்கிக்கொண்டிருந்தது, சுமை தாளாமல், ஒரு கட்டத்தில் கொல்லத் தொடங்குகிறது. மூளையிலேயே அப்படி என்றால் நான் யார்? அந்த அடியை அடித்தது நானில்லை, என் களைப்பு.

பிறகு 2021இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு வேண்டுகோள் விடுத்தார்கள். ஆஸ்ட்ரோசைட்டை நஞ்சானது, காப்பது என்று இரண்டாகப் பிரித்துப் பெயர் சூட்டாதீர்கள், ஒரே செல் ஒரே நேரத்தில் சில வேலையை இழந்திருக்கும், சிலதைக் கூடுதலாகச் செய்யும், எந்த நோய், எந்தக் கட்டம், மூளையில் எந்த இடம் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்பது அதன் சாரம். நல்ல மருமகள், கெட்ட மருமகள் என்று இரண்டே பெயர் வைத்திருக்கும் ஊரில் இருந்துகொண்டு அதை வாசித்தேன். அன்று பகல் முழுக்க மாமியின் நகம் வெட்டி, தலை பின்னி, ஏத்தம்பழம் அவித்து ஊட்டியது இந்தக் கைதான். அடித்ததும் இதுதான். ஒன்று மற்றதை அழிக்கவில்லை.

செல்லிடம் நியாயம் கேட்க முடியாது. அதற்கு வேறு வழியில்லை. எனக்கு இருந்தது. கதவைச் சாத்திவிட்டு முற்றத்தில் போய் நின்றிருக்கலாம். மச்சுக் கதவைத் தட்டியிருக்கலாம், ஆறு வருசத்தில் ஒருதடவையாவது. நானும் ஒரு ஆஸ்ட்ரோசைட் என்று சொல்லித் தப்பினால், எனக்கு மனமில்லை, தீர்மானம் இல்லை, நான் ஒரு திசு என்று நானே ஒப்புக்கொடுத்ததாகும். பெண்ணுக்கு இயற்கை இட்ட வேலை இது என்று சொல்பவர்களும் இதே செல்லைக் காட்டிப் பேசலாமே? மறுபக்கம், எல்லாப் பழியையும் நானே தலையில் போட்டுக்கொண்டால் மச்சில் உறங்கியவருக்கும் தூண் என்று போனை வைத்தவளுக்கும் அது சௌகரியம். பொறுப்பைக் குடும்பச் சொத்துபோலப் பாகம் பிரிக்க முடியும், ஒருவர் பங்கு கூடினால் மற்றவர் பங்கு குறையும் என்றுதான் நாம் நினைக்கிறோம். அது அப்படிப் பிரிவதில்லை. அந்த அடி முழுசாக என்னுடையது. அந்த உறக்கமும் முழுசாக அவருடையது.

அந்தக் கூட்டத்தில் கைதட்டல் வாங்கிய பேச்சு எங்கே தப்பு என்று தெரிய எனக்கு இன்னும் கொஞ்சநாள் பிடித்தது. நாம் இல்லாவிட்டால் வீடு விழும், ஆகவே நம்மை மதியுங்கள் என்றேன். கிளியா இல்லாவிட்டால் நியூரான் சாகும், ஆகவே கிளியா முக்கியம் என்பது போல. இதில் அளவுகோல் இன்னும் நியூரானிடமே இருக்கிறது. பிறருக்கு எவ்வளவு பயன் என்பதுதான் என் விலை. அப்படியென்றால் மாமியின் விலை என்ன? ஆறாம் வருசம் அவளால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. அவள் எதையும் தாங்கவில்லை, ஊட்டவில்லை, காக்கவில்லை, காலிப் பத்தாயத்தைத் தவிர. என்னை உயர்த்துவதற்கு நான் எடுத்த வாதம் அவளைக் குப்பையில் போட்டுவிடும். அவளை அடித்தது தப்பு என்று எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்ததே, அது எதனால்? அவள் யாருக்கும் உதவுகிறவள் என்பதால் இல்லை. அவளுக்கு வலிக்கும், அவள் பயப்படுவாள், அவளுக்கு ஓர் அம்மை இருந்தாள் என்பதால். என் உறக்கத்தை நான் கேட்டிருக்க வேண்டியதும் அந்தக் கணக்கில்தான்: நான் விழுந்தால் வீடு விழும் என்று சொல்லி அல்ல, எனக்கு உறக்கம் வருகிறது என்று சொல்லி. இந்த எளிய வாக்கியம் என் வாயில் ஆறு வருசமும் வரவில்லை.

மறுநாள் காலையில் மாமியின் மணிக்கட்டில் நீலம் பாய்ந்திருந்தது. பகல் அக்கா குளிப்பாட்டும்போது அதைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. தோர்த்தைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, "டீச்சரே, இன்னைக்கு ராத்திரி நான் இங்க நிக்கேன். நீங்க உறங்குங்க" என்றாள். நான் உறங்கினேன், பத்து மணி நேரம். காலையில் இரட்டைக் கூலி கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். அவள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. மாமி இறந்து இரண்டு வருசம் கழித்து அவள் மகளின் கல்யாணத்துக்குப் போனபோதுதான் தெரிந்தது. பக்கவாதத்தில் கிடந்த மாமனாருக்கு அந்த ராத்திரி துணையிருந்தவள் இந்தப் பிள்ளைதான். அப்போது பத்தாம் வகுப்பு. மறுநாள் அவளுக்கு அறிவியல் பரீட்சை.